மலாக்காவிலிருந்து திரும்பிய எங்கள் தம்பிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

முதல் பஸ்ஸை ஓட்டிய அண்ணனுக்கும், மாற்று பஸ்ஸை ஓட்டி வந்த பாக்சிக்குக்கும் (மலாயில் பெரியவரை மரியாதையாக அழைக்கும் சொல்), கூட வந்த அக்காமார், அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் எங்களோடு தங்கிப் படிக்கும் தம்பி சனி, ஞாயிறு மலாக்காவுக்குப் போயிருந்தான். திரும்பும் வழியில் பஸ் பழுதாகி, பாஸ்போர்ட்டும் கைதவறிப்போன பிறகும் அவன் திங்கட்கிழமை காலை வகுப்பில் உட்கார்ந்திருந்தான் என்றால் அது உங்களால்தான். உங்கள் பெயரை அவன் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதனால் நீங்கள் செய்ததைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். இதே வழியில் வார இறுதிக்குப் போய்வரும் மற்ற மாணவர்களுக்கும் பயன்படட்டும் என்று விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி ஓட்டுநர் அண்ணனுக்கு. யோங் பெங் தாண்டி ஆயர் ஹீத்தாம் வருவதற்குள் வெப்பமானியின் முள் ஏறியதுமே நீங்கள் அவசரத் தடத்தில் ஒதுங்கிவிட்டீர்கள். மச்சாப் ஓய்விடம் வரை எப்படியாவது உருட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். ஹோஸ் பிளந்து கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) இல்லாமல் அவ்வளவு தூரம் ஓடினால் சிலிண்டர் ஹெட் வளைந்து, ஹோஸ் மாற்றுவதோடு முடிய வேண்டிய வேலை எஞ்சினையே கழற்றுவதில் போய் நிற்கும். அதைவிடப் பெரிய காரியம், ஏசி நின்றுபோன பஸ்ஸுக்குள் யாரையும் உட்காரவிடாமல் எல்லாரையும் இடது பக்கக் கதவு வழியாக இறக்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தது. இருட்டில் அவசரத் தடத்தில் நிற்கும் வண்டியைப் பின்னால் வரும் லாரி கவனிக்காமல் வந்து இடிப்பதுதான் அந்த நெடுஞ்சாலையில் பயப்பட வேண்டிய விஷயம். எச்சரிக்கை முக்கோணத்தை பஸ்ஸின் பின்புறம் ஒட்டினாற்போல் வைக்காமல், நன்றாகத் தள்ளி நடந்து போய் வைத்துவிட்டு வந்தீர்கள்.

மெக்கானிக் வேலை பார்க்கும் அண்ணே, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பிளந்துபோன ரப்பர் ஹோஸில் டேப் சுற்றித் தண்ணீர் ஊற்றிக் கிளம்பலாம் என்று நாலு பேர் யோசனை சொன்னபோது கூடாது என்று நின்றவர் நீங்கள். ரேடியேட்டருக்குள் நீர் அழுத்தத்தில் இருக்கிறது, அதனால்தான் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் விட்டுப்போய் அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். அந்த அழுத்தத்துக்கு டேப்பும் தாங்காது. இதைப் பொறுமையாக விளக்கிய உங்களால் ஒருவருக்கும் கை வெந்துபோகவில்லை.

அதற்குள் பிளஸ் நெடுஞ்சாலை உதவி எண்ணான 1800-88-0000ஐ அழைத்த அக்கா, நீங்கள் பேசிய விதத்தைத் தம்பி எங்களிடம் அப்படியே சொல்லிக் காட்டினான். தெற்கு நோக்கிப் போகும் தடம், பக்கத்துக் கிலோமீட்டர் பலகையில் இருக்கும் எண், வண்டி எக்ஸ்பிரஸ் பஸ், எத்தனை பயணிகள், யாருக்கும் காயம் இல்லை. அவ்வளவுதான். 'யோங் பெங் பக்கத்தில் எங்கேயோ' என்று மட்டும் சொல்லியிருந்தால் ரோந்து வண்டி எங்கே என்று தேடும்?

மாற்று பஸ் வந்ததும் அதன் எண் பலகையைப் படமெடுத்த அண்ணே, இரவின் இரண்டாம் பாதி முழுவதும் அந்த ஒரு படத்தை நம்பித்தான் நடந்தது. டிக்கெட்டில் இருந்ததோ பழைய பஸ்ஸின் விவரம். மலேசிய எல்லையான ஜொகூர் பாருவில் எல்லாரும் இறங்கி, பாஸ்போர்ட்டில் சாப்பு (முத்திரை) வாங்கி, மறுபடி ஏறியாயிற்று. அங்கிருந்து சிங்கப்பூருக்குள் வரும் கடற்பாலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரிலும் சனி, ஞாயிறுதான் வார விடுமுறை. இரு கரைக்காரர்களும் ஞாயிறு இரவில் ஒன்றாகத் திரும்புகிறார்கள். பஸ் நத்தையாக நகர்ந்தது. தம்பி பாஸ்போர்ட்டை முன் இருக்கையின் வலைப்பையில் செருகிவிட்டுத் தூங்கிவிட்டான். சிங்கப்பூர்ப் பக்கத்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பையை மட்டும் தூக்கிக்கொண்டு மேலே வந்து, வரிசையில் நின்ற பிறகுதான் கையில் பாஸ்போர்ட் இல்லை என்று தெரிந்தது.

அங்கே அவனைத் திரும்பி ஓடவிடாமல் தடுத்தீர்களே அக்கா, அது பெரிய உதவி. அந்த இடம் ஒருவழிப் பாதை. இறக்கிவிட்ட பஸ் அங்கே நிற்காது. சுற்றிக்கொண்டு சோதனைக்கு அப்பாலுள்ள நிறுத்தத்துக்குப் போய்விடும். எதிர்த் திசையில் ஓடுகிறவனைக் காவலுக்கு நிற்பவர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்த அதிகாரியிடம் நேராக அழைத்துப் போனீர்கள்.

அந்த அதிகாரிக்கும் எங்கள் வணக்கம். அவர் கேட்டவை: பஸ் எண், இருக்கை எண், எந்த நாட்டுப் பாஸ்போர்ட், ஃபின் எண் (சிங்கப்பூரில் தங்கும் வெளிநாட்டவருக்கான அடையாள எண்). மாணவர் அனுமதி 2023 பிப்ரவரி 27 முதல் மின்வடிவில்தான் வழங்கப்படுகிறது; எடுத்துக் காட்ட பிளாஸ்டிக் அட்டை கிடையாது. போனில்தான் எல்லாமே, போனோ அணைந்து கிடந்தது. கூட வந்த மாணவி ஒருவர் பவர் பேங்க் கொடுத்தார். போன் உயிர் பெற்றதும் ஃபின் எண்ணும் பாஸ்போர்ட்டின் படமும் கிடைத்தன. பஸ் எண், அண்ணன் எடுத்த படத்தில் இருந்தது. அதிகாரிகள் தொடர்புகொண்டபோது பாக்சிக் பஸ்ஸோடு அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தார். வலைப்பையில் கைவிட்டு எடுத்து, தாமே கொண்டுபோய் அதிகாரியிடம் ஒப்படைத்தார்.

பாக்சிக், எக்ஸ்பிரஸ் பஸ்கள் அங்கே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவதுதான் வழக்கம். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அதே நிறுவனத்தின் அடுத்த பஸ்ஸிலோ, தனியாகக் கட்டணம் கட்டி 170, 950 போன்ற பொதுப் பேருந்திலோ ஏறிக்கொள்ள வேண்டியதுதான். நீங்கள் வழக்கத்தை மீறிக் காத்திருந்தீர்கள். ஏற்கெனவே களைத்துப்போயிருந்த பயணிகளும் முணுமுணுக்காமல் காத்திருந்தார்கள். எல்லாருக்கும் நன்றி.

இன்னொரு சின்ன நன்றி, மலாக்காவில் தோடோல் என்ற இனிப்பும் அன்னாசி டார்ட்டும் விற்ற கடைக்கார அம்மாவுக்கு. ரசீதைப் பைக்குள் போட்டுத் தந்தார். மாணவர் அனுமதி வைத்திருப்பவர்களுக்கு வெளியூரில் வாங்கி வரும் பொருளுக்கு ஜிஎஸ்டி விலக்கு கிடையாது. சுற்றுலாப் பயணிக்கு உண்டு, நமக்கு இல்லை! விலை தெரிந்தால்தான் 9 விழுக்காடு கணக்கிட்டுக் கட்ட முடியும். கட்டிவிட்டான்.

கடைசியாக, அந்தப் பவர் பேங்க். கறுப்பு நிறம், மூலையில் பூனை ஒட்டுப்படம். அவசரத்தில் தம்பியின் பையோடு வந்துவிட்டது. பஸ் நிறுவனத்தின் சிங்கப்பூர் டிக்கெட் முகப்பில், அந்த ஞாயிறு இரவுப் பயணம் என்று எழுதிக் கொடுத்து வைத்திருக்கிறோம். முழுதாகச் சார்ஜ் ஏற்றித்தான் கொடுத்தோம். உங்கள் டிக்கெட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தம்பியோடு ஒரே வீட்டில் இருக்கும் நாங்கள்