கேட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது: சனசமூக நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களின் தலைவர்கள், செயலாளர்கள், நிர்வாகசபையினருக்கு,

வணக்கம்.

ஊரில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்றால் பந்தல், கதிரை, அஞ்சலி நோட்டீஸ் என்று முன்னுக்கு நிற்பது நீங்கள்தான். அதற்கு முந்திய கிழமைகளைப் பற்றியே எழுதுகிறேன். வைத்தியர் காண்பதற்கு வெகு முன்பே அந்த மனிதரை நீங்கள் காண்கிறீர்கள். தினமும் பேப்பர் பார்க்க வந்தவர் வராமல் விடுகிறார். குடி கூடுகிறது, நித்திரை இல்லை என்கிறார். ஆசையாக வைத்திருந்த சாமானை ஆருக்கோ கொடுக்கிறார். "இனி என்னாலை ஒருத்தருக்கும் கரைச்சல் இராது" என்று பகிடிபோலச் சொல்கிறார். நெடுநாள் வாடித் திரிந்தவர் திடீரென்று அமைதியாகிவிட்டால் அதையும் கவனியுங்கள். அது எப்போதும் சுகமானதற்கு அடையாளமல்ல. முன்பு ஒருமுறை முயன்றவர் என்றால் இன்னும் கவனம். "சும்மா வெருட்டுறார்" என்று ஒதுக்க வேண்டாம்.

ஒரே காரணம் என்று எதையும் காட்ட முடியாது. ஆனால் கிழமைக்கிழமை நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்கும் பெண், காணியை ஈடுவைத்து வெளிநாடு போய்த் திருப்பி அனுப்பப்பட்ட பெடியன், பிள்ளைகளெல்லாம் கனடாவில் இருக்கப் பெரிய வீட்டில் நோயோடு தனியே இருக்கும் ஐயா, இவர்களின் வீட்டுப் படலையை ஒருக்கால் தட்டலாம்தானே?

தட்டினால் என்ன கேட்பது? நேரடியாகவே கேளுங்கள். "அண்ணை, செத்துப்போகலாம் எண்டு யோசிக்கிறீங்களோ?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. கேட்டதும் பலருக்குப் பாரம் இறங்குகிறது. பிறகு நீங்கள் பேசாமல் இருந்து கேட்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம், உடனே புத்திமதி தொடங்கிவிடுவோம். "பிள்ளைகளை யோசிச்சியா?" என்ற கேள்வி ஏற்கெனவே குற்ற உணர்வில் இருப்பவரை இன்னும் அமுக்கும். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்ற வாக்கையும் கொடுக்காதீர்கள்.

ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், 24 மணிநேரமும் எடுக்கலாம். ஆபத்து உடனடியானது என்றால் 1990 அம்புலன்ஸ், அல்லது நேரே யாழ். போதனா வைத்தியசாலை. வீட்டில் தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்து மிச்சம் கிடந்தால் அன்றைக்கே அங்கிருந்து அகற்றுங்கள். இது சின்ன விசயமல்ல. 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை இருந்தது. மிகக் கொடிய பீடைநாசினிகளைத் தடைசெய்தபின் பத்து வருடத்தில் அது ஏறத்தாழப் பாதியாகியது. சாகும் எண்ணம் உச்சத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாதது உயிரைக் காக்கிறது.

பொலிஸ் கேஸ் வரும் என்று மறைப்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: தற்கொலை முயற்சி 1998 முதல் இங்கே குற்றமல்ல. 'விசர்' பட்டம் கிடைக்குமே என்ற பயத்துக்குச் சட்டத்தில் மருந்தில்லை. நிர்வாகசபையில் ஒருவர் கூடவே கிளினிக்குக்குப் போய்வந்தால் அந்தப் பயம் குறையும்.

இனி என் கோரிக்கைகள். அறிவித்தல் பலகையில் 1926 ஐப் பெரிதாக எழுதுங்கள். ஒரு மரணம் நடந்தால் எப்படி நடந்தது என்ற விபரத்தை உங்கள் பேஸ்புக் பக்கத்தில் போடாதீர்கள். அதே வேதனையில் இருக்கும் இன்னொருவர் அதை வாசிக்கக்கூடும். முயன்று பிழைத்து வைத்தியசாலையால் வந்தவரை முதல் சில மாதம் அடிக்கடி போய்ப் பாருங்கள், அந்தக் காலம்தான் மிக ஆபத்தானது. அடுத்த பொதுக்கூட்டத்துக்கு உளநலத் துறையில் வேலைசெய்யும் ஒருவரை அனுப்பும்படி உங்கள் பிரிவுச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு இந்தக் கிழமையே கடிதம் கொடுங்கள். விளையாட்டுக் கழகப் பெடியளையும் மாதர் சங்கத்தையும் அதற்குக் கூப்பிட மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வலிகாமத்து வாசிகசாலை ஒன்றின் உறுப்பினர்