வாசகர் வட்டம், திருகோணமலை: செயலாளரின் ஆண்டறிக்கை 2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

நாவல்களுக்குச் சற்று ஓய்வு கொடுத்து, இவ்வருடம் ‘ஃபொறின் அஃபெயர்ஸ்’ சஞ்சிகையை வாசிப்பதென்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். நியூயோர்க்கிலுள்ள வெளியுறவு மன்றம் 1922இல் தொடங்கிய இதழ் அது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒன்றாக வருகிறது. “அரசியல் கதைச்சு அடிபடவோ?” என்று அன்று எழுந்த ஆட்சேபம் கூட்டக்குறிப்பில் உள்ளது. அடிபடவில்லை. சத்தம் கூடியது உண்மை.

வெளிநாட்டுச் சந்தா எமது நிதிக்குக் கட்டுப்படியாகாது. கொழும்பிலுள்ள அங்கத்தவர் ஒருவர் தாம் வாசித்து முடித்த இதழ்களை பஸ்ஸில் போட்டுவிட்டார். கட்டுரைகளைத் தமிழில் சுருக்கி, போட்டோக்கொப்பி எடுத்து, கூட்டத்துக்கு முதல்நாளே கொடுத்தோம். கொப்பிச் செலவைவிட பிளேன்ரீச் செலவு கூட என்பதைப் பொருளாளர் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆகப் பயன் தந்தது 1947 யூலை இதழின் பழைய கட்டுரை ஒன்று. சோவியத் அரசு ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதை ஆராய்வது. எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ‘எக்ஸ்’. அவர் ஜோர்ஜ் கெனன். அப்போது அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தில், அதாவது வெளியுறவு அமைச்சில், கொள்கைத் திட்டமிடல் பிரிவின் தலைவர். பெயர் போட்டால் அரசின் குரலாகிவிடும் என்று மறைத்தார்கள். ஆள் யாரென்று வெளிவர அதிக நாள் எடுக்கவில்லை. சோவியத் விரிவாக்கத்தைப் பொறுமையோடும் உறுதியோடும் தடுத்து நின்றால் அந்த அமைப்பு உள்ளிருந்தே இளகும் அல்லது குலையும் என்பது அவர் வாதம். அமெரிக்கப் பத்திரிகையாளர் வோல்டர் லிப்மன் தமது பத்திகளில் அதைக் கடுமையாகத் தாக்கினார். தாம் சொன்னது முதன்மையாக அரசியல் வழித் தடுப்பையே, அதைப் படைபலமாக விளங்கிக்கொண்டார்கள் என்று கெனனே பின்னர் குறைப்பட்டார்.

ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் சுருக்கத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு, “அப்ப இது கட்டுரையோ, சுற்றறிக்கையோ?” என்று கேட்டார். அன்றிலிருந்து எந்தக் கட்டுரையையும் அடியிலுள்ள ஆசிரியர் குறிப்பிலிருந்தே தொடங்குகிறோம். முன்னாள் அமைச்சர்களும் தூதுவர்களும் தாராளமாக எழுதும் இதழ் இது. எந்தக் கதிரையில் இருந்தவர் என்று தெரியாமல் வாசித்தால் பாதிதான் விளங்கும்.

எமது துறைமுகம் பற்றிப் பிற இடங்களில் வந்த கட்டுரைகளுக்கென ஒரு கூட்டம் ஒதுக்கினோம். அநேகமானவை ஒரே புகழ்ச்சியோடு தொடங்குகின்றன. புகழ் வந்த காரணத்தைச் சொல்வோர் குறைவு. பாய்க்கப்பல் காலத்தில் வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது சோழமண்டலக் கரையில் ஒதுங்க இடமில்லை, இங்கே இருந்தது. 1782இல் ஒரே வருடத்தில் இந்த ஊர் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது அதனால்தான். இன்றைய பிரதான கப்பல் பாதையோ தீவின் தெற்கால் போகிறது.

1987 யூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவமும் இத்துறைமுகத்தைப் பாவிக்க இடமளிக்கப்படாது என்று இருப்பதை உரக்க வாசித்தோம். எமது ஊரருகே சீனக்குடாவிலுள்ள 99 எண்ணெய்த் தாங்கிகள் 2022 சனவரியில் பங்கிடப்பட்ட கணக்கையும் பலகையில் எழுதினோம்: இந்தியன் ஒயில் நிறுவனத்தின் துணைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு 61. 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இலங்கை, இந்தியாவோடு ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்த முத்தரப்பு உடன்படிக்கை வந்ததும் பலகையில் இடம் போதவில்லை. சீனக்குடாவிலிருந்து வந்த அங்கத்தவர், பற்றைக்குள் பல தசாப்தம் கிடந்த தாங்கிகளைத் திருத்த எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று கேட்டார். கையிலிருந்த கட்டுரை எதிலும் விடை இல்லை. அந்தக் கேள்வியை வைத்தே எமது ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுத அவர் இணங்கியுள்ளார்.

மற்றக் கூட்டங்கள் வழமைபோல் நடந்தன.

வரும் வருடம் லண்டனிலுள்ள சர்வதேச விவகார ஆய்வு நிறுவனமான சத்தாம் ஹவுஸின் ‘இன்ரநஷனல் அஃபெயர்ஸ்’ இதழையும் சேர்க்க நிர்வாகக்குழு விரும்புகிறது. அதுவும் 1922இல் தொடங்கியதுதான். ஆனால் துறைசார் அறிஞர்கள் மதிப்பிட்ட பின்னரே அச்சேறும் ஆய்விதழ், நடை சற்று வரட்சி. சுருக்கம் எழுதும் வேலை இரண்டு பேர் தலையிலேயே விழுகிறது. வளாக மாணவர்கள் யாரும் முன்வந்தால் இன்றே பெயர் தரலாம்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்