மும்தாஜுக்கு: நகத்தைப் பற்றி நீ கேட்டதற்கு

கோவில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மும்தாஜ்,

உன் கடிதம் வந்தது. ஷாஹினாவுக்கு நிக்காஹ் முடிவான செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அந்தப் பிள்ளை நேத்துதானே நடக்கப் பழகுச்சு?” என்று கேட்டுவிட்டு, மாப்பிள்ளைக்கு எந்த ஊர், என்ன வேலை என்று என்னைத் துளைத்து எடுத்துவிட்டாள். அம்மாவுக்குச் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. மாடிப்படி மட்டும் ஏற முடியவில்லை. நான் அதே கூட்டுறவு சங்கத்தில், அதே கவுண்டரில்தான் இருக்கிறேன்.

கல்யாண வேலைக்கு நடுவிலும் என் நகத்தின் போட்டோவைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். ஷாஹினா ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கும் அந்த விளக்குப் பெட்டியோடு வரும் ஜெல் பாலிஷ் செட்டை வாங்கலாமா என்பது ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால் பார்லரில் நகத்தைச் சுற்றியிருக்கும் தோலை வெட்டிச் சுத்தம் செய்துகொள்ளலாமா என்பது இன்னொன்று. இரண்டுக்குமே வேண்டாம் என்றுதான் சொல்வேன். உன் மகள் விஷயம் என்பதால் காரணத்தையும் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தோல். நகத்தின் அடியில் வெள்ளையாக ஒரு பிறை தெரியுமே, அதற்கும் உள்ளே, தோலுக்கு அடியில்தான் நகம் உருவாகிறது. வெளியே தெரியும் நகத்துக்கு உயிர் இல்லை. அதை வெட்டலாம், ராவலாம், வண்ணம் பூசலாம். அந்த அடிப்பகுதிக்கு மட்டும் உயிர் உண்டு. தோல் நகத்தின் மேல் ஏறி முடியும் இடத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிய ஒரு படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்லரில் க்யூட்டிகிள் என்று சொல்வது அதைத்தான். ஃபிரிட்ஜ் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது: தண்ணீர், அழுக்கு, கிருமி எதுவும் உள்ளே போகாமல் அடைத்து வைக்கிறது. பார்லரில் இடுக்கியை வைத்து வெட்டும்போது உயிரில்லாத படலம் மட்டும் போவதில்லை. அதன் பின்னால் இருக்கும் உயிருள்ள தோலும் சேர்ந்து போகிறது. அப்புறம் அந்த இடம் திறந்து கிடக்கும்.

என் தம்பி மனைவிக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் அவள் தங்கை கல்யாணத்துக்காக ஒரு பார்லரில் போய்ச் சுத்தமாக வெட்டிக்கொண்டு வந்தாள். பார்க்க மிக அழகாகத்தான் இருந்தது. கல்யாணத்தன்று காலையில் ஆள்காட்டி விரல் சிவந்து வீங்கிவிட்டது. நகச்சுற்று. எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலில் செருகிவிட்டார்கள். பழத்தோடு உட்கார்ந்திருந்தாள், பாவம். எலுமிச்சை கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான். சீழ் கட்டிவிட்டால் டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும். கடைசியில் அவளும் போய்க் கீறி எடுத்துக்கொண்டுதான் வந்தாள். சர்க்கரை உள்ளவர்கள் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். அதனால் அம்மாவின் நகத்தை நான் வேறு யாரையும் தொட விடுவதில்லை. குளித்து முடித்ததும் நகம் இளகியிருக்கும்போது வெட்டிவிடுகிறேன். கால் நகத்தை ஓரத்தில் வளைத்து வெட்டாமல் நேராக வெட்டுகிறேன்.

நம் அம்மாக்கள் எந்த நகப் பாலிஷையும் கியூட்டெக்ஸ் என்றுதானே சொல்வார்கள்? அமெரிக்காவில் அந்தக் கம்பெனி 1910களில் முதலில் விற்றது பாலிஷே இல்லை. இந்தத் தோலை வெட்டாமல் இளக்கி எடுக்கும் ஒரு திரவத்தைத்தான் விற்றிருக்கிறார்கள். வெட்டாதே என்று நூறு வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். நாம் இன்னும் இடுக்கியை விடவில்லை. அந்த மாதிரித் திரவம் இப்போதும் கிடைக்கிறது. காரம் கலந்தது என்பதால் பாட்டிலில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. எனக்கு அதுவும் தேவைப்படவில்லை.

நான் செய்வது இவ்வளவுதான். குளித்துவிட்டு வந்ததும் ஈரத் துண்டின் நுனியால் அந்தத் தோலை மெதுவாகப் பின்னால் ஒதுக்கிவிடுவேன். அழுத்துவதில்லை. ராத்திரி படுக்கும்போது ஒவ்வொரு நகத்தின் அடியிலும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பேன். பனிக்காலத்தில் விளக்கெண்ணெய். வாசலின் இருந்தால் அதுவும் நல்லதுதான். நகக்கண் ஓரத்தில் தோல் பிசிறாக உரிந்து நிற்குமே, அதைப் பல்லால் கடித்து இழுக்காமல் பிசிறை மட்டும் நகவெட்டியால் கத்தரிக்க வேண்டும். ஷாஹினாவுக்கு நகம் கடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் இப்போதே நிறுத்தச் சொல். கை விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும். அடியிலிருந்து நுனி வரை புது நகம் வர ஆறு மாதம் பிடிக்கும்.

பாத்திரம் கழுவுகிற நம் கைக்குத்தான் பெரிய சோதனை. கை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து என்று நாள் முழுக்க நடக்கும்போது அந்தப் படலம் தானாகவே பிரிந்துவிடுகிறது. வருடக்கணக்கில் விரலைச் சுற்றி வீங்கியே இருக்கும் பெண்களை நீயும் பார்த்திருப்பாய். அது மருந்து போட்டால் மட்டும் ஆறாது, கை உலர்ந்திருந்தால்தான் ஆறும். நான் ரப்பர் கையுறை வாங்கி, அதற்குள் மெல்லிய பருத்திக் கையுறையும் போட்டுக்கொள்கிறேன். நீயும் வாங்கு மும்தாஜ். மண்ணடி பக்கம் கிடைக்காததா?

சரி, இனி வண்ணத்துக்கு வருகிறேன். இதை ஆரம்பித்து வைத்தவள் அக்கா மகள் கவிதா. லீவுக்கு வந்தவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். அவள் போன பிறகும் நான் விடவில்லை. ஞாயிறு மத்தியானம் அம்மா தூங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். பெரிய செலவு ஒன்றும் இல்லை. கொண்டை ஊசியின் உருண்டை முனை, பல்குத்தும் குச்சி, செலோடேப், மேக்கப் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு, இவ்வளவுதான் கருவி.

பாலிஷ் பூசுவதற்கு முன் நகத்தில் எண்ணெய் துளிகூட இருக்கக்கூடாது. ராத்திரி வைத்த எண்ணெயைப் பஞ்சில் ரிமூவர் தொட்டுத் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் மறுநாளே செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். முதலில் நிறமில்லாத அடிப்பூச்சு. அது இல்லாமல் அடர் சிவப்பு பூசினால் நகம் மஞ்சளாகிவிடும். அதன் மேல் வண்ணத்தை மெல்லிசாக இரண்டு முறை. பாலிஷ் காய்வது என்பது அதிலிருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போவதுதான். கெட்டியாகப் பூசினால் மேலே மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும், குமிழ் குமிழாக வரும். பாட்டிலைக் குலுக்கினாலும் குமிழ் வரும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்ட வேண்டும். தூரிகை தோலைத் தொடாமல் ஒரு முடி அளவு இடம் விட்டுப் பூச வேண்டும். இது கைக்கு வந்துவிட்டால் வேலையே பாதி அழகாகிவிடும். கடைசிப் பூச்சை நகத்தின் நுனி விளிம்புக்கும் சேர்த்து இழுத்துவிட்டால் பல நாள் நிற்கும். பாலிஷும் ரிமூவரும் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பங்கரையிலோ விளக்குப் பக்கத்திலோ வைத்துச் செய்ய விடாதே.

எனக்கு மிகவும் பிடித்தது புள்ளிக் கோலம். மோதிர விரலில் மட்டும் வெளிர் நிறம் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு கொண்டை ஊசியால் வெள்ளைப் புள்ளி வைத்து, குச்சி முனையால் ஒரே ஒரு சிக்குக் கோடு வளைப்பேன். மற்ற நான்கு விரலும் வெறும் வண்ணம். அஞ்சு விரலிலும் வேலைப்பாடு செய்தால் கண் எதிலும் நிற்காது. கவுண்டரில் பென்ஷன் வாங்க வருகிற ஒரு ஆச்சி, பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “இது சிக்குக் கோலமால்லா தாயீ?” என்று கேட்டார். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இப்போது அந்த ஜெல் செட். சாதாரணப் பாலிஷ் மாதிரி இது ஆவியாகிக் காய்வதில்லை. அதிலிருக்கும் அக்ரிலேட் என்ற ரசாயனம் விளக்கின் புற ஊதா ஒளி பட்டு இறுக வேண்டும். விளக்கும் ஜெல்லும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டாலோ, நேரம் குறைந்தாலோ மேலே இறுகி உள்ளே இறுகாமல் இருக்கும். வீட்டில் போடும்போது தோலிலும் வழியும். இறுகாத அக்ரிலேட் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது ஆயுளுக்கும் போகாது. பிறகு பல் அடைப்பது, மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை என்று அதே வகை ரசாயனம் பயன்படும் இடத்திலெல்லாம் தொல்லை. இங்கிலாந்தின் தோல் மருத்துவர்கள் இதை எச்சரித்திருக்கிறார்கள். ஜெல்லில் சேர்க்கும் டிபிஓ என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் தடை செய்துவிட்டது. அதற்கும் மேலே, ஜெல்லைப் பொறுமையில்லாமல் உரித்து எடுத்தால் நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வந்துவிடும். கல்யாணப் பெண்ணுக்கு எதற்கடி இதெல்லாம்?

உன் இன்னொரு கவலையையும் யோசித்தேன். பாலிஷ் இருந்தால் தண்ணீர் நகத்தில் படாது, தொழுகைக்கு முன் கழுவும் ஒளு நிறைவேறாது, கல்யாண வீட்டில் அவள் ஐந்து நேரமும் போட்டு அழித்துக்கொண்டிருக்க முடியாது என்று எழுதியிருக்கிறாய். அதற்குத்தான் மருதாணி இருக்கிறதே. பெருநாளுக்கு முந்தின நாள் உன் உம்மா அம்மியில் அரைத்து, விரல் நுனிக்கெல்லாம் தொப்பி வைத்துவிடுவார்கள். உன் கூடவே எனக்கும் வைத்துவிட்டு, துணி சுற்றி அனுப்புவார்கள். அந்தச் சிவப்பு பூச்சு இல்லை, இலையிலிருக்கும் சாயம் நகத்தோடும் தோலோடும் சேர்ந்துகொள்கிறது. தோல் உதிர்வதால் உள்ளங்கையில் சீக்கிரம் மங்கிவிடும். நகத்தில் உதிர ஒன்றுமில்லை, வளர்ந்து வெட்டுகிற வரை இருக்கும். எடுத்த பிறகும் இரண்டு நாள் வரை நிறம் கறுத்துக்கொண்டே போகும். அதனால் நிக்காஹுக்கு இரண்டு நாள் முன்பே வைத்துவிடு. கறுப்பு மருதாணி என்று விற்கும் கோன் மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது. அதில் தலைச்சாயத்தில் போடும் பிபிடியைக் கலக்கிறார்கள், கை வெந்து கொப்புளம் போட்டுவிடும்.

நகம் நன்றாக வளர பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கித் தரச் சொல்கிறாளாமே ஷாஹினா. சத்துக் குறைவு இல்லாதவர்களுக்கு அதனால் பெரிய பலன் இருப்பதாக உறுதியாகத் தெரியவில்லை. அதிகமாகச் சாப்பிட்டால் தைராய்டு ரத்தப் பரிசோதனையைக்கூடத் தவறாகக் காட்டும் என்று 2017இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. உனக்குத் தைராய்டு இருப்பதால் நீயும் தொடாதே. அவள் நகத்தில் இருக்கும் வெள்ளைப் புள்ளிக்கும் கால்சியம் குறைவு காரணமில்லை. நகம் உருவாகும் இடத்தில் எப்போதோ சின்ன அடி பட்டிருக்கும், அது வளர்ந்து மேலே வருகிறது. மைதானத்துக்கு மேல் கொக்குக் கூட்டம் போனால் விரலை ஆட்டிக்கொண்டு “கொக்கே கொக்கே பூப்போடு” என்று ஓடுவோமே, அதே பூதான். கறுப்பாக நீளவாக்கில் ஒரே ஒரு விரலில் புதிதாகக் கோடு வந்து அகலமாகிக்கொண்டே போனால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வலீமா விருந்து அன்று ராத்திரி மட்டும் வேலைப்பாடு வேண்டும் என்று பிள்ளை ஆசைப்பட்டால் ஒரு வழி இருக்கிறது. கடையில் வெறும் ஒட்டு நகம் கிடைக்கிறது. அதில் நான் இங்கேயே உட்கார்ந்து நிதானமாகக் கோலம் போட்டுக் கொண்டு வருகிறேன். பசை வேண்டாம், ஒட்டும் தாள் வைத்தே ஒட்டிக்கொள்ளலாம். முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் விரலை வைத்து, ஓரத்தில் எண்ணெய் விட்டால் மெதுவாகக் கழன்று வந்துவிடும். அடியில் மருதாணிச் சிவப்பு அப்படியே இருக்கும்.

அதற்கு எனக்கு அளவு வேண்டும். ஷாஹினாவின் ஒவ்வொரு நகத்தின் மேலும் செலோடேப்பை ஒட்டி, இரண்டு ஓரத்தையும் பேனாவால் குறித்து, அதை எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டச் சொல். எது எந்த விரல், எந்தக் கை என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். அந்தத் தாளைக் கூரியரில் அனுப்பிவிடு. வலீமா உடையின் நிறத்தையும் எழுது. அங்கே மருதாணி இலை பச்சையாகக் கிடைக்குமா? இல்லையென்றால் எங்கள் வேலியில் நிறைய இருக்கிறது, பறித்துக்கொண்டு வருகிறேன். அம்மாவைத் தம்பி பார்த்துக்கொள்வான், நான் மூன்று நாள் முன்னதாகவே வந்துவிடுவேன். கடலை மிட்டாய் எத்தனை கிலோ வேண்டும்?

அன்புடன்,
கோமதி