பத்தரமுல்லைக் கொப்பிக் கடை அக்காவுக்கு

இந்தியாவிலிருந்து நெடுந்தீவுக்கு மணமுடித்து வந்த எங்கள் மருமகளுக்கு வதிவிட விசா நேற்றுக் கிடைத்துவிட்டது. பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். பிள்ளை இனி இந்தியாவுக்குப் பெட்டி கட்டத் தேவையில்லை.

முதல் நன்றி, குடிவரவுத் திணைக்களத்துக்குப் போகும் வழியில் போட்டோக் கொப்பி அடிக்கும் சிங்கள அக்காவுக்கு. காசை வாங்கிக்கொண்டு கொப்பியைத் தந்து அனுப்பியிருக்கலாம். அவர் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து, அடிமட்டத்தை வரிவரியாக நகர்த்தி ஒவ்வொரு தாளையும் ஒப்பிட்டார். கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழில் அடிமட்டம் நின்றது.

"நங்கி, இதுல ஒரு நம்பர் இல்ல."

இந்தியப் பாஸ்போர்ட் இலக்கத்தில் 1 எழுத்தும் 7 இலக்கங்களும் இருக்கும். சான்றிதழில் 6தான் இருந்தன. அதுவரை அதைப் பார்த்த எவர் கண்ணிலும் படவில்லை. அப்படியே கொடுத்திருந்தால் அது இவளுடைய சான்றிதழே இல்லை என்றாகியிருக்கும்.

விடுபட்டதைப் பேனையால் எழுதப் போனபோதும் அக்காதான் தடுத்தார். டிப்பெக்ஸ் பூசினாலோ மேலே திருத்தி எழுதினாலோ தாளைத் திருப்பித் தந்துவிடுவார்களாம். புதிதாக எழுதி, கிராம அலுவலரின் ஒப்பமும் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் இரண்டு முத்திரைகளும் வேண்டும். மற்றத் தாள்களை அவரே அடுக்கினார்: விண்ணப்பம், பாஸ்போர்ட் கொப்பி, விவாகச் சான்றிதழ், கணவரின் அடையாள அட்டை, அவர் கையெழுத்திட்ட கோரிக்கைக் கடிதம். மூலங்கள் தனி உறையில். ஸ்டேப்ளர் அடிக்கவில்லை, கிளிப்தான் போட்டார். மூலத்தோடு ஒப்பிட அலுவலர் தாளைப் பிரிக்க வேண்டுமே.

புதுச் சான்றிதழை ஒரே காலையில் எழுதி ஒப்பமிட்டுத் தந்தவர்கள், அதைக் குறிகட்டுவான் துறையில் இறக்கிய படகுக்காரர், யாழ்ப்பாண இரவு பஸ்ஸில் நனையாமல் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்த கொண்டக்டர் தம்பி, 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தைப் பொறுமையாக விளக்கிய சட்டத்தரணி, சத்தியக்கடதாசி முடித்துத் தந்த சமாதான நீதவான் ஐயா, பாயும் சோறும் தந்த வெள்ளவத்தை வீட்டுக்காரர் எல்லாருக்கும் கைகூப்புகிறோம்.

தீவுக்கு மணமுடித்து வந்த இன்னொரு பிள்ளை இப்படித் தவிக்க விடமாட்டோம். விசா முடிய 2 மாதம் இருக்கும்போதே வீடு வந்து ஞாபகப்படுத்துவோம். பாஸ்போர்ட் முடியும் திகதியையும் கூடவே பார்ப்போம், பலர் கோட்டை விடுவது அங்கேதான். விவாகச் சான்றிதழில் 'எஸ்.' என்ற முதலெழுத்தும் பாஸ்போர்ட்டில் தகப்பனின் முழுப்பெயரும் இருந்தால், இருவரும் ஒருவரே என்ற சத்தியக்கடதாசியை முன்கூட்டியே எடுத்து வைப்போம். சோளகக் காற்றுத் தூக்கினால் படகு ஓடாது, அந்த நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அக்கா, கொப்பிக்குரிய காசுக்கு மேல் ஒரு சதமும் நீங்கள் வாங்கவில்லை. அடுத்த தடவையும் உங்களிடம்தான் வருவோம். ஒரு குட்டான் பனங்கட்டி கொண்டுவருவோம், அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

வெள்ளவத்தையிலுள்ள நெடுந்தீவு உறவுகள்