பள்ளி வாசலில் நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடுங்கள்: ஒரு திறந்த மடல்

பள்ளி விடும் நேரத்தில் வாசலில் வண்டியோடு காத்திருக்கும் பெற்றோருக்கும், வேனும் பஸ்ஸும் ஓட்டும் அண்ணன்களுக்கும், எல்லோரிடமும் ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லக்கூடிய இடத்தில் இருக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். நின்ற வண்டியின் எஞ்சினை அணைத்துவிடுங்கள். சிக்னலில், கடை வாசலில், வீட்டு முன்னால் எங்கே அணைத்தாலும் நல்லதுதான், ஆனால் இந்த மடல் பள்ளி வாசலைப் பற்றியது. தொழிற்சாலைப் புகை, நெடுஞ்சாலைப் புகை, குப்பை எரிக்கிற புகை இதையெல்லாம் நாம் நினைத்தால் நாளைக்கே நிறுத்த முடியாது, அதெல்லாம் யார் யார் கையிலோ இருக்கிறது. பள்ளி வாசலில் நிற்கிற வண்டிகளின் புகையை நிறுத்த மட்டும் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. உண்டாக்குகிறவர்கள் நாம்தான், அதை மூச்சில் இழுப்பது நம் பிள்ளைகள்தான்.

மணி அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போதே வரிசை நீள ஆரம்பித்துவிடுகிறது. கார்களில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் உட்கார்ந்திருக்கிறோம், பைக்கில் வந்தவர்கள் ஒரு காலை ஊன்றிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டபடியே போன் பார்க்கிறோம், வேன்கள் ரிவர்ஸில் வந்து பின்பக்கத்தை நடைபாதைக்குக் காட்டி நிற்கின்றன. அப்புறம் கேட் திறக்கிறது. பிள்ளைகள் வண்டிகளுக்கு இடையில் இருக்கிற சந்துகளில் புகுந்து ஓடி வருகிறார்கள். அவிழ்ந்த ஷூ லேஸைக் கட்ட ஒரு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வேனுக்குப் பின்னால் குந்தி உட்காரும்போது கவனித்துப் பாருங்கள், சைலன்சர் குழாயின் வாய் அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேராக இருக்கும். நம் மூக்கு ஐந்தடி உயரத்தில் இருக்கிறது, அங்கே வருவதற்குள் புகை கொஞ்சமாவது கலைந்துவிடும். கூட வந்த தங்கைப் பாப்பா தள்ளுவண்டியில் இருந்தால் அவள் நிலைமை இன்னும் மோசம்.

உயரம் மட்டும் காரணமில்லை. சிறு பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள், உடல் எடைக்குக் கணக்குப் பார்த்தால் நம்மைவிட அதிகக் காற்றை உள்ளே இழுக்கிறார்கள். அவர்களுடைய நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நுரையீரலுக்குள் இருக்கும் காற்றுச் சிற்றறைகளில் பெரும்பாலானவை பிறந்த பிறகுதான் உருவாகின்றன, நுரையீரலின் கொள்ளளவு பதின்பருவம் முடியும்வரை கூடிக்கொண்டே போகிறது. அந்த வயதில் குறைந்துபோனது பிறகு முழுசாகத் திரும்பி வருமா என்பது சந்தேகம்தான். கலிபோர்னியாவின் தென்பகுதியில் 1990களில் தொடங்கி ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை ஓர் ஆய்வுக் குழு வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தது. மாசு அதிகமான ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு 18 வயதில் நுரையீரல் திறன் குறைவாக இருந்தது என்ற முடிவு 2004ல் வெளியானது. அதே குழு 2015ல் இன்னொன்றையும் சொன்னது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது: காற்று சுத்தமாக ஆக, அடுத்தடுத்து வந்த பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சியும் மேம்பட்டது. அதாவது நாம் செய்வதற்குப் பலன் உண்டு, அதுவும் நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் காலத்துக்குள்ளேயே.

புகையில் என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நைட்ரஜன் டை ஆக்சைடு இருக்கிறது, ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டுவது அது. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீன் இருக்கிறது. பிஎம் 2.5 என்கிற நுண்துகள்கள் இருக்கின்றன, தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் ஒவ்வொன்றும், நுரையீரலின் அடி ஆழம் வரை போகும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012லேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. உலகில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 93 சதவீதம் பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2018ல் சொன்னது.

லண்டனில் எலா கிஸ்ஸி டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி 2013ல் கடுமையான ஆஸ்துமாவால் இறந்துபோனாள். வாகனங்கள் ஓயாமல் ஓடும் பெரிய சாலை ஒன்றின் பக்கத்தில் அவள் வீடு. அவளுடைய அம்மா விடாமல் போராடி, 2020 டிசம்பரில் மறு விசாரணை நடந்து, அந்த மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று விசாரணை அதிகாரி பதிவு செய்தார். பிரிட்டனில் ஒருவரின் இறப்புக்குக் காற்று மாசு காரணமாக எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை. ஒரு பள்ளி வாசல் புகையால் இப்படி ஆகும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் நம் வகுப்புகளிலும் பையில் இன்ஹேலர் வைத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களும் அதே கேட் வழியாகத்தான் வெளியே வருகிறார்கள்.

நிற்கிற வண்டிதானே, ஓடுகிற வண்டியைவிடக் குறைவாகத்தானே புகை விடும் என்று நினைப்போம். மொத்த எரிபொருள் குறைவுதான், ஆனால் புகையைச் சுத்தம் செய்யும் கருவி சூடாக இருந்தால்தான் வேலை செய்யும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குச் சில நூறு டிகிரி வெப்பம் வேண்டும். வண்டி நின்றபடியே ரொம்ப நேரம் உறுமிக்கொண்டிருந்தால் அந்தச் சூடு இறங்கிவிடுகிறது. புது டீசல் வண்டிகளில் இருக்கும் புகைவடிகட்டிக்கும் இதே கதைதான், அதில் சேரும் கரி எரிந்து போக எஞ்சின் நன்றாகச் சூடாக ஓட வேண்டும், நின்ற இடத்தில் உறுமினால் அடைப்புதான் சேரும்.

காருக்குள் கண்ணாடி ஏற்றி உட்கார்ந்திருக்கும் நாமும் இதிலிருந்து தப்ப முடியாது. வரிசையில் நிற்கும்போது நம் காரின் காற்றுத் துளை முன்னால் நிற்கும் வண்டியின் சைலன்சருக்கு நேர் பின்னால் இருக்கிறது, அந்தப் புகையைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளை ஓடி வந்து ஏறிக் கதவைச் சாத்தினால் அதே காற்றுதான் அவளுக்கும்.

பணக் கணக்கும் பார்த்துவிடலாம். ஒரு சின்ன பெட்ரோல் கார் சும்மா நின்றபடி ஓடினால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல், சுமார் 0.6 லிட்டர் குடிக்கும். பெரிய காருக்கு இது ஒன்று, ஒன்றரை லிட்டர் வரை போகும், பள்ளி பஸ்ஸுக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் டீசல். தினமும் 15 நிமிஷம், வருஷத்துக்கு 200 பள்ளி நாள் என்று வைத்துக்கொண்டால் சின்ன காருக்கே 30 லிட்டர் ஆகிறது. ஒரு வாசலில் அப்படி 40 கார் நின்றால் 1,200 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், ஆக ஒரே வாசலில் இரண்டே முக்கால் டன். ஒரு அடி கூட நகராமல்! மைலேஜ் கிடைக்கவில்லை என்று வண்டியை மெக்கானிக்கிடம் விடுவதற்கு முன்னால் இதை யோசித்துப் பார்க்கலாம்.

'அணைத்து அணைத்து ஸ்டார்ட் பண்ணினால்தான் அதிகம் குடிக்கும், பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் போய்விடும்' என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் வண்டி சட்டென்று ஸ்டார்ட் ஆகாது, சோக் இழுத்துச் சூடேற்றித்தான் எடுப்போம், அந்தப் பழக்கம் அப்படியே வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. இப்போது வருவது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடம் அளந்து பார்த்துச் சொன்னது, 10 விநாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வதுதான் எரிபொருளுக்கு லாபம். நாம் நிற்பது கால் மணி நேரம். காலையில் எஞ்சினைச் சூடேற்றவும் வீட்டு முன்னால் ஐந்து நிமிஷம் உறும விடத் தேவையில்லை, ஸ்டார்ட் செய்து அரை நிமிஷத்தில் கிளம்பி முதல் சில நிமிஷம் மெதுவாக ஓட்டினால் எஞ்சின் அதைவிடச் சீக்கிரம் சூடாகும். டர்போ வண்டிக்காரர்கள் ஒன்று சொல்வார்கள், நெடுஞ்சாலையில் விரட்டி வந்தால் ஒரு நிமிஷம் ஆற விட்டு அணைக்க வேண்டும் என்று. சரி, நியாயம்தான். ஆனால் தெருவுக்குள் ஊர்ந்து வந்து வரிசையில் நிற்கிற வண்டிக்கு அது தேவைப்படாது.

உண்மையான சிக்கல் ஏசிதான், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் கொளுத்தும்போது கைக்குழந்தையையோ வயதான அம்மாவையோ பின் சீட்டில் வைத்துக்கொண்டு எஞ்சினை அணை என்று யாரும் சொல்ல முடியாது, அவர்கள் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் வரிசையைப் பார்த்தால் பெரும்பாலும் ஓட்டுகிறவர் ஒருவர் மட்டும்தான் உள்ளே இருக்கிறார். அவருக்கு வழிகள் உண்டு. மணி அடிக்க ஐந்து நிமிஷம் முன்னால் வந்தால் போதும், சீக்கிரமே வந்தாக வேண்டும் என்றால் கொஞ்சம் தள்ளி நிழலில் வண்டியைப் போட்டுவிட்டு நடந்து வரலாம், கதவைத் திறந்து இறங்கி நின்று நாலு பேரோடு பேசலாம். பிள்ளை ஏறும்போது கார் குளிர்ச்சியாக இருக்க வேண்டுமே என்றால், கண்ணாடிகளை இறக்கி இரண்டு நிமிஷம் ஓட்டினாலே அடைந்து கிடந்த சூடு வெளியே போய்விடும். அப்புறம் ஏசி போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம், கண்ணாடி முழுக்க ஏற்றி நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூடிய கேரேஜில் இது உயிரையே எடுத்துவிடும்.

ஓட்டுநர் அண்ணன்களே, உங்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. எல்லோரையும்விட அதிக நேரம் அந்தப் புகையில் நிற்பது நீங்கள். பஸ்ஸில் பிரேக்குக்குக் காற்று ஏற எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடியாக வேண்டும் என்பது தெரியும், அது கிளம்புவதற்குச் சில நிமிஷம் முன்னால் போதுமே. பேட்டரி வீக்காக இருக்கிறது, அணைத்தால் தள்ளித்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லும் வண்டிகளும் இருக்கின்றன. அந்த பேட்டரியை மாற்றித் தருவது வண்டி முதலாளியின் வேலை, அதைப் பள்ளி கேட்டு வாங்க வேண்டும்.

இது உலகத்தில் புதுசாக யாரும் கேட்காத விஷயமும் இல்லை. நியூயார்க்கில் மற்ற இடங்களில் மூன்று நிமிஷம் வரை எஞ்சினை ஓடவிடலாம், பள்ளியை ஒட்டினால் ஒரு நிமிஷம்தான், மீறினால் அபராதம். ஹாங்காங்கில் 2011லிருந்து சட்டம் இருக்கிறது, சிங்கப்பூரிலும் காரணமில்லாமல் எஞ்சினை ஓடவிட்டு நிற்பது குற்றம். டெல்லியில் 2020ல் சிவப்பு விளக்கு விழுந்தால் வண்டியை அணையுங்கள் என்று அரசே பிரசாரம் செய்தது. ஆனால் சட்டம் வந்தால்தான் நடக்கும் என்பதில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் சில பள்ளிகளில் சட்டத்தைக் காட்டாமல் ஓட்டுநர்களுக்கும் பெற்றோருக்கும் பேசிப் புரியவைத்து, முன்னும் பின்னும் காற்றை அளந்து பார்த்தார்கள். பஸ்கள் அதிகம் வரும் பள்ளியில் நுண்துகள் அளவு நன்றாகவே குறைந்தது.

இனி நிர்வாகத்துக்கு. ஒரு போர்டு மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நெரிசல் ஏன் வருகிறது என்றால் எல்லா வகுப்பையும் ஒரே மணிக்கு விடுவதால்தான். சின்ன வகுப்புகளைப் பத்து நிமிஷம் முன்னால் விட்டாலே வரிசை பாதியாகும், காத்திருப்பும் குறையும். காம்பவுண்டுக்குள் நிழல் இருக்கும் ஓர் இடத்தில் நாலு பெஞ்ச் போட்டு, ஒரு தண்ணீர்க் கேனும் வைத்தால் பெற்றோரும் ஓட்டுநர்களும் வண்டியை விட்டு இறங்கி வந்து உட்காருவார்கள். ஏசிக்காக எஞ்சினை ஓடவிடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. வேன்களின் பின்பக்கம் நடைபாதையைப் பார்க்காதபடி நிறுத்தச் சொல்லுங்கள். வேன், பஸ் ஒப்பந்தத்தில் 'வளாகத்திலும் வாசலிலும் நிற்கும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும்' என்று ஒரு வரி சேருங்கள். பள்ளியின் சொந்த பஸ்களில் இதை நாளையிலிருந்தே தொடங்கலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பிள்ளைகள் கையில் அட்டையைக் கொடுத்து வண்டிகளுக்கு நடுவில் நிறுத்தி விழிப்புணர்வு ஊர்வலம் நடத்த வேண்டாம். எந்தப் புகையிலிருந்து அவர்களைக் காப்பாற்றப் பார்க்கிறோமோ, அதே புகையில் இன்னும் அரை மணி நேரம் நிற்க வைப்பதாக ஆகிவிடும். சொல்ல வேண்டியது பெரியவர்கள், பெரியவர்களிடம்.

வருகிற பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேசுவதற்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் மாதம் கேட்டில் நின்று வண்டி வண்டியாகப் போய் மரியாதையாக எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். இதைப் படித்துவிட்டுக் கூட நிற்க விரும்பும் பெற்றோரும் கூட்டத்தில் தங்கள் பெயரைக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
அதே வரிசையில் வண்டியோடு காத்திருக்கும் ஒரு பெற்றோர்