ஒன்பது பாட்டையும் கேட்கவைத்த தம்பிக்கு

சுங்கை சிப்புட் மக்களுக்கும், இந்த நான்கு மாதமாக என் புலம்பலைப் பொறுமையாகக் கேட்ட எல்லாருக்கும் வணக்கம். அம்மாவும் தோட்டத்துப் பெண்கள் ஐந்து பேரும் பாடி நான் பதிவு செய்து சிடியாகப் போட்ட ஒன்பது பாட்டையும் யாரோ திருடி வேறு பெயரில் இணையத்தில் ஏற்றியது உங்களுக்குத் தெரியும், முழுக்கத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை. முந்தாநாள் இரவு அந்தப் பாட்டுகளை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி தேடினால் வேறு யாரோ பெயரில் அம்மாவின் குரல் வராது. நேற்று முழுக்க அழுதுகொண்டும் சமைத்துக்கொண்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

முதலில் அந்தத் தம்பி. பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாளைக்கு இன்னொரு ஊர் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் சாதாரண ஆள் மாதிரி நின்று சாமான் வாங்கவேண்டியவர், அதனால் தம்பி என்றே சொல்கிறேன். பாட்டுக் கம்பெனிகளுக்காகக் கள்ளப் பதிப்பைத் துப்பறிவது அவர் வேலை. எங்களுக்காக அவரை யாரும் அனுப்பவில்லை. ஏதோ ஒரு கம்பெனியின் பாட்டுகளைத் தேடி ஒரு பென்டிரைவ் வாங்கியிருக்கிறார், சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டுமாக நூற்றுக்கணக்கில் இருந்ததில் நடுவே அம்மா பாடுகிறார். அவர் கையில் இருந்த பட்டியலில் இல்லாத பாட்டு, தாண்டிப் போயிருக்கலாம், ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் பாட்டுக்கு நடுவில் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தமும், யாரோ ஒரு பெண் "துணிய எடுடி" என்று குரல் கொடுப்பதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. இது ஸ்டூடியோவில் எடுத்ததில்லை, எங்கேயோ ஒரு லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், எடுத்தது என்று நினைத்து, நாலு பேரிடம் விசாரித்து, கோயில் தலைவர் மூலமாக என் நம்பரைப் பிடித்தார். குரல் கொடுத்தது எங்கள் பெரியம்மா.

ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். அம்மா பயந்துபோய் அறைக்குள் போய்விட்டார். கேஸ் என்றாலே அம்மாவுக்குப் போலீஸ்தான். 31 வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், ஆபீஸ் ஆள் வீடு தேடி வந்தால் நம் மேல்தான் ஏதோ தப்பு என்று அத்தனை வருஷமும் பழகிப்போனது. தம்பி தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். 2018இல் நான் எடுத்த மூலப் பதிவையும் இணையத்தில் ஏற்றியிருந்ததையும் படமாக மாற்றி மேலும் கீழுமாக வைத்துக் காட்டினார். என்னுடையதில் ஒலி உயரம் வரைக்கும் புகை மாதிரி போகிறது, அவர்களுடையதில் 16,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தி வைத்து நறுக்கியது போல நின்றுவிடுகிறது. 128 கேபிபிஎஸ் எம்பி3யாகச் சுருக்கினால் பெரும்பாலும் அப்படித்தான் நறுக்குப்படுமாம். சொந்தக்காரர்களுக்கு சுருக்கிய எம்பி3யை அனுப்பியது நான்தான், அது கைமாறி அங்கே போயிருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அம்மா இருமுவதும் "ஆரம்பிக்கட்டுமா" என்று கேட்பதும் மூலத்தில் மட்டும்தான் இருந்தன. வேண்டாம் என்று நான் வெட்டிப் போட நினைத்த துண்டுகள் அவை. அதுதான் பெரிய சாட்சி என்றார்.

அப்புறம் படிவம். பாடியது யார் என்று கேட்டார். சிடி அட்டையில் இருப்பதையே சொன்னேன், தோட்டத்துப் பெண்கள் என்று. "பேர் சொல்லுங்கக்கா" என்றார். அதற்குள் அம்மா கதவோரம் வந்து நின்று, "இது என் பாட்டு இல்லப்பா, எங்கம்மா பாடுனது, அவங்கம்மா பாடுனது" என்றார். தம்பி அவசரப்படவில்லை. பாட்டு எல்லாருக்கும் பொது, யார் வேண்டுமானாலும் பாடலாம், ஆனால் இந்தப் பதிவுக்கு ஒரு உரிமை, அம்மா பாடிய அந்தப் பாடுதலுக்கு இன்னொரு உரிமை, மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் இரண்டுக்குமே 50 வருஷம் பாதுகாப்பு இருக்கிறது என்று அம்மாவைப் பார்த்தே சொன்னார், என்னைப் பார்த்து அல்ல.

குரலை அடையாளம் சொல்ல ஒரு பாட்டு போதும். ஹெட்ஃபோனை அம்மா காதில் மாட்டிவிட்டார். நாங்கள் அதுவரை கைப்பேசியில்தான் கேட்டிருக்கிறோம். முதல் பாட்டு முடிந்தது, அம்மா கழற்றவில்லை. நான் எழுந்து எடுக்கப் போனேன், தம்பி கையைக் காட்டி விடச் சொன்னார். அடுத்து தைப்பிங் போகவேண்டியவர், தாமதமாகும் என்று யாருக்கோ செய்தி அனுப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஏழாவது பாட்டில், பெரியம்மாவும் அம்மாவும் சேர்ந்து பாடுகிற கும்மியில், அம்மா வலது காதைத் தொட்டு, "அக்கா இந்தப் பக்கம் நிக்கிறா" என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் அப்படித்தான் நின்றார்கள். பெரியம்மா கோவிட் சமயத்தில் தவறிவிட்டார். 38 நிமிஷம், ஒன்பது பாட்டு, தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை.

முடிந்ததும் அம்மாவின் பெயரையும் பெரியம்மாவின் பெயரையும் அடையாளக் கார்டில் உள்ள எழுத்துப்படியே எழுதினார், பிறகு மற்ற நால்வர் பெயரையும். பெரியம்மா பெயரை அதற்கு முன் கடைசியாக எழுதியது இறப்புப் பத்திரத்தில். இருட்டு விடியுமுன் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தில், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பார்த்து இந்த ஆறு பேர் பெயரையும் தினமும் கூப்பிட்டிருக்கிறார்கள். அட்டை அடிக்கும்போது நான் ஒருத்தர் பெயரைக்கூடப் போடவில்லை. திருடியவன் வேறு பெயர் போட்டதற்கு நான் காலி இடம் விட்டு வைத்ததும் காரணம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

சத்தியப் பிரமாணத்தில் கையெழுத்து வாங்கியதோடு அம்மாவுக்கு ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தவர், 48 மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும் என்று சட்டப் பிரிவைக் காட்டி அறிவிப்பு எழுதித் தந்த ஈப்போ வழக்கறிஞர், மலாயில் சரிபார்த்த ஆசிரியை, ராத்திரி பகலாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிய பிள்ளைகள், கோயில் தலைவர், எல்லாருக்கும் கும்பிடு. பென்டிரைவ் விற்ற பையனுக்கும்தான், யாரிடம் வாங்கினேன் என்று உண்மையைச் சொன்னதற்கு. பென்டிரைவ் விற்ற பையா, கள்ளப் பிரதி ஒன்றுக்கு 2,000 வெள்ளியிலிருந்து 20,000 வெள்ளி வரை அபராதம் போடலாம், ஐந்து வருஷம் உள்ளேயும் வைக்கலாம். வேறு வியாபாரம் பார்ப்பா, நானே வந்து முதல் போணி செய்கிறேன்.

அட்டையை ஆறு பெயரோடு மறுபடி அடிக்கிறேன். அறிவுசார் சொத்துடைமைக் கழகத்திலும் பதிவு கொடுக்கப் போகிறேன். அந்த லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனைதான் நிற்கிறது, பாடியவர்களும் சிதறிப் போனார்கள், எனவே தாலாட்டோ கும்மியோ ஒப்பாரியோ தெரிந்த பாட்டிமார் உங்கள் வீட்டில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்துக்கு அழைத்து வாருங்கள், அடையாளக் கார்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். மழை வந்தால் வரட்டும், பதிவை நிறுத்தமாட்டேன்.