இடது காலுக்கு வேலை உண்டா, இல்லையா?

கோபிச்செட்டிபாளையம்
ஞாயிறு மதியம்

அன்புள்ள அம்மிணி,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. நடவுக்கு ஆள் பிடிப்பதிலேயே பொழுது போனது, கோபித்துக்கொள்ளாதே. போனில் நாலு வரி தட்டியிருக்கலாம்தான். ஆனால் நீ கேட்டது நாலு வரியில் அடங்குகிற சங்கதியா? ஹாஸ்டல் விட்ட நாளிலிருந்து பெரிய விஷயம் என்றால் நமக்குக் காகிதம்தானே.

முதலில் வீட்டுச் செய்தி. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது திண்ணையில் உட்கார்ந்தபடியே என் கோலத்தில் எந்தப் புள்ளி விட்டுப்போனது என்று சொல்கிறார். பழைய கண்ணே பரவாயில்லை என்று தோன்றுகிறது. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. தென்னையில் வெள்ளை ஈ போனபாடில்லை. உங்கள் பக்கம் எப்படி?

சரி, கார் விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பத்து நாலு வயதில் ஓட்டக் கற்பதே பெரிது, அதில் கியர் வண்டியா ஆட்டோமேட்டிக்கா என்று வேறு குழப்பம் என்கிறாய். போதாததற்கு உன் கொழுந்தனார், "ஆட்டோமேட்டிக் ஓட்டறதெல்லாம் ஓட்டறதுல சேர்த்தியா?" என்றாராம். என் வீட்டிலும் இதே பேச்சுதான். "அது பொம்பளைங்க வண்டி" என்று சொன்ன என் பெரியப்பா மகன், போன தீபாவளிக்கு வாங்கியது ஆட்டோமேட்டிக். கேட்டால் முழங்கால் வலியாம்.

நான் ஏன் கியரில் கற்றேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி, மணி பதினொன்று இருக்கும். இவருக்குச் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டியது, கூப்பிட்டால் பதில் சரியாக வரவில்லை. நாட்டுச்சர்க்கரையைக் கரைத்து வாயில் விட்டேன், பாதி வெளியே வழிந்தது. மகன் சென்னையில். வாசலில் பழைய ஆம்னி வேன் ஒன்றும் தேங்காய் ஏற்றுகிற தோஸ்த் சரக்கு வண்டி ஒன்றும் நின்றன. இரண்டுக்கும் சாவி என் கையில். இருபது வருஷமாக ஸ்கூட்டி ஓட்டுகிறவள், அந்தச் சாவிகளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். பக்கத்துத் தோட்டத்துப் பையன் எழுந்து வர இருபது நிமிஷம். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆண்டவன் புண்ணியம். அடுத்த திங்கட்கிழமை டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டிவிட்டேன். வாசலில் நின்ற இரண்டுமே கியர் வண்டி, அதனால் எனக்கு வேறு யோசனையே வரவில்லை.

சொல்லிக்கொடுத்த பையனுக்கு என் மகனைவிட வயது குறைவு. வலது பக்கமிருந்து ஏ, பி, சி என்றான். ஆக்சிலேட்டர், பிரேக், கிளட்ச். கிளட்ச் என்பது இடது காலால் மிதிப்பது, எஞ்சினைச் சக்கரத்திலிருந்து பிரித்துச் சேர்ப்பது. "கிளட்ச்ச மெதுவா உடுங்கக்கா, வண்டி மூக்கத் தூக்கும், சத்தம் கனக்கும், அங்க நிறுத்துங்க" என்பான். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்று யார் சொல்வது? சட்டென்று விட்டால் வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிவிடும். பயந்து பாதியிலேயே பிடித்துக்கொண்டிருந்தால் கிளட்ச் பிளேட் தேயும், ஒரு தீய்ந்த வாடை வரும். ஈரோட்டில் காளைமாட்டுச் சிலைக்குப் பக்கத்து ரயில்வே நுழைபாலம் உனக்குத் தெரியுமே. அதிலிருந்து மேலே ஏறும்போது மூன்று தடவை ஆஃப் ஆகி, பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரனில் கையை வைத்துக்கொண்டே இருக்க, எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கடைசியில் கண்டக்டர் இறங்கி வந்து, "ஹேண்ட் பிரேக்கப் போடுங்கம்மணி, அப்புறம் கிளட்ச் புடிக்கற வரைக்கும் உட்டுட்டு அதை எறக்குங்க" என்றார். ஸ்கூலில் பத்து நாளாகப் புரியாதது அந்த ஒரு வரியில் புரிந்தது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். முதல் பதினைந்து நாள் நான் ரோட்டையே பார்க்கவில்லை. புத்தி முழுக்க இடது காலில் இருந்தது. எதிரில் ராங் சைடில் வருகிற பைக், ரோட்டோரம் கட்டியிருக்கிற எருமை, பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருகிற பிள்ளைகள், எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்த பையன்தான் எனக்காகப் பார்த்தான். அவன் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருந்ததால் பிழைத்தோம். ஆட்டோமேட்டிக்கில் கற்கிறவளுக்கு அந்தப் பதினைந்து நாளும் கண் ரோட்டில் இருக்கும். இதை யாரும் சொல்வதில்லை. சோம்பேறிக்கான வண்டி என்றுதான் சொல்கிறார்கள்.

அப்புறம் போன வருஷம் மகன் எனக்கென்று ஒரு ஏ.எம்.டி. வாங்கிக் கொடுத்தான். ஆட்டோமேட்டிக் என்ற பேரில் பல சாதி உண்டு, அம்மிணி. ஏ.எம்.டி. என்பது உள்ளுக்குள் சாதாரண கியர் வண்டியேதான். கிளட்சும் உண்டு, கியரும் உண்டு. மிதிப்பதும் மாற்றுவதும் மட்டும் நம் வேலை இல்லை, வண்டியே செய்துகொள்ளும். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்த பிறகுதான் இது நம் மாதிரி குடும்பங்களின் கைக்கு எட்டியது. அதே மாடல் கியர் வண்டியைவிட ஐம்பதாயிரம் சுமாருக்குக் கூட இருக்கும். கியர் மாறும்போது லேசாகத் தலையாட்ட வைக்கும், அதுதான் குறை. சி.வி.டி. என்பதில் இரண்டு கப்பிக்கு நடுவே ஒரு பெல்ட், கியர் என்ற படியே கிடையாது, வழுக்கிக்கொண்டு போகும். டார்க் கன்வெர்ட்டர் என்பது எண்ணெயின் வழியாக எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்துவது, அதுவும் சுகம். இவை இரண்டும் விலையில் லட்சத்துக்கு மேல் ஏற்றிவிடும். கரண்ட் கார் வாங்கினால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, கிளட்ச் மிதிக்கிற வேலையே அதில் கிடையாது.

கோயம்புத்தூர் போனால் எனக்கு இப்போது அந்த ஏ.எம்.டி.தான் தெய்வம். அவிநாசி ரோட்டில் 2025-ல் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்தில் கியர் வண்டியும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான். உப்பிலிபாளையத்தில் இறங்கி டவுனுக்குள் நுழைந்த பிறகு பார், கியர் வண்டிக்காரர்கள் இடது முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பேரை வைத்திருக்கிறார்கள். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். அந்தக் கால பஸ்ஸின் கிளட்சை நினைத்தால் என் காலுக்கு இப்போதே வலிக்கிறது.

இனி திம்பத்துக் கதை. மகளைப் பார்க்க மைசூர் போய்விட்டு வரும்போது நானே ஓட்டினேன். ராத்திரியில் மலைப்பாதையை அடைத்துவிடுவார்கள் என்று மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினோம். திம்பத்திலிருந்து பண்ணாரி வரைக்கும் 27 கொண்டை ஊசி வளைவு. நான் பாட்டுக்கு வண்டியே கியர் மாற்றிக்கொள்கிற 'டி'யில் போட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினேன். வண்டிக்கு என்ன தெரியும், இறக்கத்தில் வேகம் கூடினால் மேல் கியருக்குப் போய்விடுகிறது. மேல் கியரில் எஞ்சின் பிடித்து நிறுத்தாது, எல்லாப் பாரமும் பிரேக் தலையில். பத்துப் பன்னிரண்டு வளைவு தாண்டுவதற்குள் அந்தத் தீய்ந்த வாடை, இந்தத் தடவை பிரேக்கிலிருந்து. மிதி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பண்ணாரியம்மனைக் கூப்பிடுகிறார்.

அப்போது டிரைவிங் ஸ்கூல் பையன் சொன்னது ஞாபகம் வந்தது: "எந்த கியர்ல ஏறறமோ அதுலயே எறங்கோணும்க்கா." கியர் குச்சியை, நாமே கியர் மாற்றுகிற 'எம்' பக்கம் தள்ளி இரண்டில் போட்டேன். எஞ்சின் ஓவென்று கத்தியது, ஆனால் வண்டி அடங்கிவிட்டது. மீதி வளைவெல்லாம் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் வந்து சேர்ந்தேன். ஆட்டோமேட்டிக்கிலும் அந்த வசதி இருக்கிறது, எம் என்றோ எல் என்றோ எழுதியிருக்கும். ஆனால் கியர் என்றால் என்ன என்று காலால் அறியாதவளுக்கு, அதை எப்போது போடுவது என்று தெரிந்திருக்குமா? வால்பாறை போனாலும் ஆழியாறுக்கு மேலே நாற்பது வளைவு இருக்கிறது, யோசித்துக்கொள்.

இன்னொன்று லைசென்ஸ். இது எனக்கே வேடிக்கையாக இருந்தது. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தில் இரண்டு சக்கரத்துக்குக் கியர் உள்ளது, இல்லாதது என்று தனித்தனிப் பிரிவு. என் பழைய லைசென்ஸ் ஸ்கூட்டிக்கு எடுத்தது, அதை வைத்துக்கொண்டு இவருடைய பைக்கை நான் தொட்டால் தப்பு. ஆனால் காருக்கு அந்தப் பிரிவே இல்லை! எல்.எம்.வி., அதாவது இலகுரக வாகனம் என்று ஒன்றுதான். 7,500 கிலோ வரைக்கும் எடையுள்ள வண்டி அதில் அடக்கம். சின்னச் சரக்கு வண்டிக்கும் அது போதும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆகவே நீ எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசென்ஸ் வாங்கி, முப்பது நாள் கழித்து, சொகுசாக ஒரு ஆட்டோமேட்டிக்கில் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கினால், சட்டப்படி மறுநாளே என் வீட்டுத் தோஸ்த்தையும் எடுத்துப் போகலாம். எவரும் தடுக்க மாட்டார்கள். அதுதான் எனக்குப் பயம். உனக்கு ஓட்டத் தெரியும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், ஒரு ராத்திரி யாராவது சாவியைக் கையில் திணிப்பார்கள். அது எந்த வண்டிச் சாவி என்று பார்த்தா திணிப்பார்கள்?

உன் மகள் லண்டன் பக்கம் போகிறாளே, அவளுக்கு வேறு கணக்கு. அங்கே ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம். கியரில் தேறினால் இரண்டும் ஓட்டலாம். நம் ஊர் லைசென்ஸ் அங்கே குடியேறி 12 மாதம் வரைக்கும் செல்லும், அதற்குள் அந்த ஊர் டெஸ்ட்டை முடிக்கவேண்டும். அவளை இங்கேயே கியரில் நன்றாகப் பழகிக்கொண்டு போகச் சொல்.

உனக்கு நான் சொல்வது: ஆட்டோமேட்டிக்கே வாங்கு. உன் இடது முழங்கால் மாடிப்படிக்கே அழுகிறது, கிளட்ச் மிதித்துத் திருப்பூர் டிராஃபிக்கில் ஊர்ந்தால் தாங்காது. உன் வீட்டுக்கார அண்ணன் போன பிறகு உன் வாசலில் நிற்கப்போவது அந்த ஒரு வண்டிதான், பழைய காரையும் விற்கப்போகிறாய். கொழுந்தனார் பேச்சைக் காதில் போடாதே. ஆனால் ஸ்கூலில் பத்து வகுப்பு கியர் வண்டியில் போ. அங்கே பெரும்பாலும் அதுதான் இருக்கும், கேட்கவே வேண்டாம். கெட்டிக்காரியாக வேண்டாம், ஒரு ஐந்து கிலோமீட்டர் ஆஸ்பத்திரி வரைக்கும் குதித்துக் குதித்தாவது கொண்டுபோய்ச் சேர்க்கிற அளவு போதும்.

புது வண்டி வந்ததும் முதல் வாரம் களத்துமேட்டில் ஓட்டிப் பழகு. இடது காலை மடக்கி ஓரமாக வைத்துவிடு, அதற்கு இனி வேலை இல்லை. கிளட்ச் பழக்கத்தில் அது பிரேக்கைப் போய் மிதித்தால் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும், எனக்கு ஆனது. பிரேக்கை எடுத்ததும் 'டி'யில் வண்டி தானாக நகரும், அதற்குப் பதறி ஆக்சிலேட்டரை மிதித்துவிடாதே. கியர் வண்டியில் பதறினால் ஆஃப் ஆகி நின்றுவிடும், இது நிற்காது, பாயும். ஏ.எம்.டி. வாங்கினால் பலதில் வண்டியை நிறுத்திப் பூட்டுகிற 'பி' என்கிற எழுத்தே இருக்காது, ஹேண்ட் பிரேக்கை மறக்காதே. எங்கள் வாசல் சரிவில் ஒரு நாள் நான் மறந்து, வண்டி மெதுவாகப் போய் அத்தையின் துளசி மாடத்தைத் தொட்டது. மாடம் தப்பியது, நான் தப்பவில்லை.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் நீயே ஓட்டிக்கொண்டு வா. பெருந்துறை வழி வேண்டாம். ஊத்துக்குளி, குன்னத்தூர் வழியாக வா, லாரி குறைவு. ஊத்துக்குளியில் நிறுத்தி வெண்ணெய் இரண்டு கிலோ வாங்கி வா, காசு இங்கே தருகிறேன். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்.

உன்
கோபிக்காரி